கை வைக்கும் முன் எடுத்த அளவு

பேச வேண்டியதை வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஓய்வு பெற்ற ஒருத்தியைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டால் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நாலு வேடிக்கைக் கதை, கொஞ்சம் அறிவுரை, கடைசியில் ஒரு சால்வை. ஆனால் காலையில் தேநீர் இடைவேளையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "எப்படியும் மெஷினை அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான் சர்ட்டிபிகேட் குடுக்கப் போறோம். அப்புறம் எதுக்கு இந்த முதல் ரவுண்டு? பாதி நாள் வேஸ்ட்." பேசியது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன்.

யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டேன். நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்த முதல் ரவுண்டைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

இன்றைக்குத்தான் சேர்ந்தவர்களும் இங்கே இருப்பதால் ஒரு வார்த்தை. ஒரு பொருளை இழுத்தோ அழுத்தியோ சோதிக்கும் இயந்திரத்தில், அந்த விசை எவ்வளவு என்று உணர்ந்து சொல்வது லோடு செல். அது சரியாகச் சொல்கிறதா என்று நம்மிடம் உள்ள தரக்கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பிழைப்பு. போன இடத்தில் எதையும் தொடாமல், இயந்திரம் இருக்கிற நிலையில் என்ன காட்டுகிறது என்று முதலில் எடுக்கிறோம். தப்பிருந்தால் அதற்கப்புறம் திருத்துகிறோம். திருத்திவிட்டு மறுபடியும் எடுக்கிறோம். இரண்டாவது அளவு, நாளையிலிருந்து இயந்திரம் சரியாகக் காட்டும் என்பதற்கு. முதல் அளவு, நேற்றுவரை அது என்ன காட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு. நேற்று அந்த எண்ணை நம்பி ஒருத்தன் ஒரு காரியம் செய்திருப்பான் இல்லையா? அவனுக்கு நம்மிடம் இருக்கிற ஒரே பதில் அந்த முதல் அளவுதான். அதைத்தான் உங்களில் சிலர் பாதி நாள் வேஸ்ட் என்கிறீர்கள்.

என் பணியின் கடைசிப் பகுதியில் நடந்தது இது. எனக்கு வீடு காரியாபட்டி, அலுவலகம் மதுரை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வேலை வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். ஒருநாள் மாலை எங்கள் மேலாளர் கூப்பிட்டார்.

"அக்கா, நாளைக்குக் காலைல அருப்புக்கோட்டை போயிருங்க. ரோப்பு, சங்கிலி டெஸ்ட் பண்றாங்கள்ல, அந்தக் கூடம். ரொம்ப அவசரம்ங்கிறாரு முதலாளி."

"அவுங்க சர்ட்டிபிகேட் கெடு முடிய இன்னும் மாசக்கணக்கா இருக்கே சார்?"

"வலிய வந்து கூப்பிடுறாங்க. சந்தோசமாப் போயிட்டு வாங்களேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கெடு முடிந்த பிறகும் இன்று நாளை என்று இழுத்தடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கெடுவுக்கு முன்னாலேயே ஒரு முதலாளி கெஞ்சுகிறார் என்றால், ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் அலுவலக வண்டியில் போய் இறங்கினேன். ஊருக்கு வெளியே, தகரக்கூரை போட்ட கட்டடம். உள்ளே ஒரே ஒரு இழுவை இயந்திரம். கம்பி ரோப்பில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் இரண்டு முனையையும் பிடித்து அறுகிறவரை இழுத்து, எத்தனை டன்னில் அறுந்தது என்று எழுதித் தருவார்கள். முதலாளி வாசலிலேயே நின்று என்னை வரவேற்றார். உள்ளே போனால், இயந்திரத்தின் எண் காட்டும் பெட்டி திறந்து கிடந்தது. அதன் முன்னால் ஒருத்தர் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். லோடு செல் விற்கும் ஏஜென்ட் என்றார்கள்.

என் கருவிப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். "சார், கைய எடுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தார். "ஒண்ணுமில்ல மேடம். செட்டிங்ல சின்ன மிஸ்டேக். அவர் மாத்தி விட்டுருவாரு. அப்புறம் நீங்க நிம்மதியா எடுக்கலாம். உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்."

"முதல்ல நான் எடுக்கணும். அதுக்கப்புறம் அவர் மாத்தட்டும்."

"மாத்திட்டு எடுத்தா என்ன, எடுத்துட்டு மாத்துனா என்ன மேடம்? கடைசில மெஷின் கரெக்டா இருக்கப் போகுது. அதுதானே உங்களுக்கு வேணும்?"

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! தேநீர் குடித்துக்கொண்டே நீங்கள் பேசியதும் இதே நியாயம்தான். அந்த ஆள் தெரிந்து பேசினார். நீங்கள் தெரியாமல் பேசுகிறீர்கள். எனக்குக் கோபம் ஏன் வராது?

நான் ஏஜென்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் எழுந்திருக்கிறவரை நகரவில்லை. பிறகு தரக்கருவியை எடுத்து இயந்திரத்தின் பிடிகளுக்கு நடுவே மாட்டினேன். இயந்திரம் இழுக்கும்போது அது காட்டுகிற எண்ணும், நம் கருவி காட்டுகிற எண்ணும் பக்கம் பக்கமாகத் தெரியும். அதற்குள் என் செல்பேசி அடித்தது. மேலாளர்.

"அக்கா, கஸ்டமர் வருத்தப்படுறாரு. அவர் கேக்குற மாதிரி செஞ்சு குடுத்துட்டு வாங்க."

"சார், முதல் அளவு வேணாம்னு நீங்க எனக்கு எழுத்துல அனுப்புங்க. நான் எடுக்காம வாரேன்."

"உங்ககிட்டப் பேச முடியாது" என்று வைத்துவிட்டார். எழுத்தில் எதுவும் வரவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்கிற பலபேர், எழுதிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

சுவிட்சை அழுத்தப் போனேன். மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. முதலாளி வெளியிலிருந்து வந்தார்.

"கரண்டு போயிருச்சு மேடம். இந்தப் பக்கம் இப்படித்தான். போச்சுன்னா எப்ப வரும்னே சொல்ல முடியாது. நீங்க வேணா இன்னொரு நாள் வாங்களேன்."

எதிரே ரோட்டோரத்து வெல்டிங் பட்டறையில் பொறி பறந்துகொண்டிருந்தது. அதை நானும் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டும் அவர் முகம் மாறவில்லை! பொய் சொல்கிறவர்கள்மேல் எனக்கு வரும் கோபத்தைவிட, நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று தெரிந்தும் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறவர்கள்மேல் வரும் கோபம் அதிகம்.

"பரவால்ல சார். கரண்டு வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் ஏஜென்டும் வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய், ஆளுக்கொரு போனில் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூடத்தில் சோதனை செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் நாகஜோதி. டிப்ளமோ படித்தவள், மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நான் வந்ததிலிருந்து சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் வெளியே போனதும் கிட்டே வந்தாள்.

"மேடம், எதுக்கு இந்த அவசரம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லும்மா."

"திருச்சுழிக்கு அங்குட்டு ஒரு ஊர்ல கிணறு ஆழப்படுத்துனாக. கிரேன் ரோப்பு அறுந்து, கல்லு ஏத்துன தொட்டி உள்ள விழுந்துருச்சு. கீழ வேலை பாத்துட்டு இருந்தவரு செத்துப்போனாரு. காளிமுத்துன்னு பேரு. அந்த ரோப்ப நான்தான் மேடம் டெஸ்ட் பண்ணேன். நல்லா இருக்குன்னு குடுத்தோம்."

நம் பக்கத்துக் கிணறு வேலையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கீழே போகப் போக, பாறைக்கு வெடி வைத்துக் கிணற்றை இன்னும் இறக்குவார்கள். உடைந்த கல்லைத் தொட்டியில் நிரப்பினால், மேலே நிற்கிற கிரேன் அதைத் தூக்கிக் கரையில் கொட்டும். தொட்டி மேலே போகும்போதும் கீழே ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அந்த ரோப்பு மட்டும்தான் அவர்கள் உயிர்.

கிரேன்காரர் பெயர் சிக்கந்தர். வளைகுடாவில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, சொந்தமாக ஒரு கிணற்றுக் கிரேன் போட்டவர். நம் பக்கத்தில் கிணற்று ரோப்பை யார் சோதிக்கிறார்கள்? கண்ணால் பார்ப்பார்கள், கையால் தடவுவார்கள், அவ்வளவுதான். சிக்கந்தர் மட்டும் வெளிநாட்டில் பழகிய பழக்கத்தில், ரோப்பு கொஞ்சம் ஓடியதும் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு இந்தக் கூடத்துக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் கேலி பேசுவார்களாம். இப்போது அவரைத்தான் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். தொட்டியில் அளவுக்கு மீறிக் கல் ஏற்றினார், குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

"அவரு குடிக்கவே மாட்டாரு மேடம். முந்தின தடவ அவரு ரோப்பு இங்க பெயிலாச்சு. 'வேற வாங்கிக்கிறேன்மா'ன்னு சொல்லிட்டு மொத்த ரோப்பையும் கழட்டிப் போட்டுட்டாரு. அன்னைக்கு வேலையே நின்னு போச்சு அவருக்கு. அப்படிப்பட்ட ஆளு."

"இந்தத் தடவ பாஸ்னு காட்டுச்சா?"

"காட்டுச்சு. ஆனா மேடம்…" அவள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். "நடுவுல பழைய லோடு செல் கெட்டுப்போயி, அந்த ஏஜென்ட் வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டுனாரு. அதுலருந்து எல்லா ரோப்புமே ரொம்ப பலமாக் காட்டுது. பழசும் புதுசு மாதிரி காட்டுது. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. சார்ட்ட சொன்னேன். 'நல்லாத்தானே காட்டுது, கஸ்டமர் சந்தோசமாப் போறான், விடு'ன்னாரு. மனசு கேக்கல. உங்க ஆபீஸ் நம்பர் மெஷின்ல ஒட்டியிருந்துச்சு. போன் பண்ணேன்."

பெட்டியிலிருந்து எழுந்துவிட்டேன். "எப்ப?"

"அந்தக் கிரேன்காரு வர்றதுக்கு முன்னாலயே மேடம். ஒரு சார் எடுத்தாரு. மெஷின் கூடுதலாக் காட்டுதுன்னு சொன்னேன். 'குறைச்சுக் காட்டுனாத்தாம்மா பிரச்சினை. உங்க முதலாளியப் பேசச் சொல்லு'ன்னு வச்சுட்டாரு."

எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் போனை எடுக்கிறவர் ஒருவர்தான். சற்றுமுன் என்னிடம் பேசினாரே, அவர்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை மில், எத்தனை பட்டறை பார்த்திருப்பேன்! நூல் பலம் குறைவு என்று மில்லில் இயந்திரம் காட்டினால் போதும், முதல் பஸ்ஸிலேயே வரச் சொல்லிப் போன் வரும். இயந்திரத்தில் கோளாறு, இயந்திரத்தில் கோளாறு என்று குதிப்பார்கள். சரக்கு நன்றாயிருக்கிறது என்று காட்டினால் அந்த இயந்திரம் தங்கம். அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. தோன்றிய ஒரே ஒரு பெண், தன் வேலை போனாலும் போகட்டும் என்று நமக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நாம் என்ன சொன்னோம்? முதலாளியைப் பேசச் சொல் என்றோம். வெளியில் இருக்கிறவன் திருடனாக இருக்கலாம், அது அவன் பாவம். நமக்கு என்ன கேடு?

நாகஜோதி கேட்டாள். "இப்ப எடுத்தா நிஜமா என்ன காட்டுதுன்னு தெரிஞ்சுருமா மேடம்?"

"தெரிஞ்சுரும். செட்டிங்க யாரும் இன்னும் மாத்தலைல்ல?"

"இல்ல. நீங்க வந்தப்பத்தான் அவரு பெட்டியத் தொறந்தாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் நேரே கூடத்தின் பின்பக்கம் போனாள். மெயின் சுவிட்ச் மேலே ஏறிய சத்தம் கேட்டது. விசிறி சுற்றியது. முதலாளி ஓடிவந்தார்.

"ஏய், யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல சார். தினமும் காலைல நான்தானே போடுறேன்" என்றாள். சுவிட்சுக்கு முன்னாலிருந்து அவள் நகரவில்லை.

நான் இயந்திரத்தை ஓடவிட்டேன். எல்லாரும் கிட்டே வந்து நின்றார்கள். ஏஜென்டும் நின்றார். எங்கள் கருவி மூன்று டன் காட்டியபோது நிறுத்தினேன். இயந்திரத்தின் பெட்டி நான்கு என்று காட்டியது. மறுபடி எடுத்தேன். மேலே போனேன், கீழே வந்தேன், கருவியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். எங்கே நிறுத்தினாலும் அதே கதை. நிஜத்தைப் போல ஒரு மடங்கும், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கும். பழைய செல்லுக்கு உரிய அமைப்பை மாற்றாமல், வேறு ரகச் செல்லை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாட்டியதும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கு நம்மைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் செலவு.

"இது பெரிய விசயமே இல்ல மேடம், ஒரு நம்பர்தான், இப்பவே மாத்திரலாம்" என்றார் ஏஜென்ட்.

"அது அப்புறம். இந்த நம்பர நான் எழுதிக்கிட்டேன்" என்றேன். இரண்டு எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி படமும் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்கு முதலாளியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மறுத்தார். மறுத்தார் என்று எழுதினேன். நாகஜோதி போட்டாள். இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சிவப்பு அட்டையை ஒட்டிவிட்டு, திருத்தாமலே கிளம்பினேன். திருத்துவது என் பொறுப்புதான். ஆனால் ஒரு சாவு விசாரணையில் இருக்கும்போது அந்த இயந்திரத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அந்தத் தீர்மானத்தில் இன்றைக்கும் எனக்கு மறு யோசனை கிடையாது.

முதலாளி வண்டிவரை வந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "மேடம், செத்தவன் செத்துட்டான். இத வச்சு நீங்க யாரக் காப்பாத்தப் போறீங்க?"

"உள்ள ஒருத்தர் இருக்காருல்ல" என்றேன்.

அன்று மாலை மேலாளர் தன் அறையில் என்னை நிற்க வைத்தே பேசினார். முதல் அளவை அறிக்கையில் போட வேண்டாம், திருத்திய பிறகு வேறு ஆளை அனுப்பி இரண்டாவது அளவை மட்டும் கொடுத்துவிடலாம் என்றார். வாடிக்கையாளரின் விவரம் ரகசியம், வெளியே போனால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்றார். ரகசியம் என்பது சரிதான். வாடிக்கையாளரின் அளவை நாம் தெருவில் நின்று சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. சிக்கந்தரின் மனைவி என் வீடு தேடிக் காரியாபட்டிக்கு வந்து அழுதபோதுகூட, "விசாரிக்கிறவங்க கேட்டா நான் எடுத்தத மறைக்க மாட்டேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் ரகசியம் காப்பது வேறு, எடுத்த அளவையே இல்லாமல் ஆக்குவது வேறு. இதையும் எழுத்தில் கேட்டேன். இதற்கும் எழுத்து வரவில்லை. முதல் அளவு அறிக்கையில் ஏறியது.

விசாரிக்கிறவர்களுக்குத் தெரிய வைத்தது நாகஜோதிதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகத் திருச்சுழிக்குப் பஸ் ஏறிப் போய், சோதனை செய்தது தான்தான், இயந்திரத்தில் தப்பிருந்தது, மதுரையிலிருந்து வந்து அளந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அப்புறம் எனக்கு அழைப்பு வந்தது.

விசாரணை அதிகாரி அறையில் சிக்கந்தரின் வக்கீல் இருந்தார், இறந்துபோன காளிமுத்துவின் மனைவி பஞ்சவர்ணமும் இருந்தார். உள்ளே போகும் முன் வக்கீல் என்னை ஓரமாக அழைத்தார். "அம்மா, மெஷின் தப்பு, அதனாலதான் ரோப்பு அறுந்துச்சுன்னு ஒரே வரியில சொல்லிருங்க. கேஸே முடிஞ்சுரும்."

இதுவும் நெருக்கடிதான், பிள்ளைகளே. கெட்டவன் கொடுக்கும் நெருக்கடியை எதிர்த்து நிற்பது சுலபம். நல்ல காரியத்துக்காக ஒருத்தர் கொஞ்சம் கூட்டிச் சொல்லச் சொன்னால்தான் நாக்கு வழுக்கும். எனக்குச் சிக்கந்தர் வெளியே வர வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கூட்டிக் காட்டிய ஓர் இயந்திரத்தால்தானே எல்லாரும் அங்கே வந்து நிற்கிறோம்! நானும் கூட்டிச் சொன்னால் எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அதிகாரி கேட்டார். "இந்த மெஷினாலதான் ரோப்பு அறுந்துச்சுன்னு சொல்றீங்களா?"

"அத நான் சொல்ல முடியாது சார். ரோப்பு அறுந்தப்ப நான் பாக்கல. தொட்டியில எவ்வளவு கல் இருந்துச்சுன்னும் எனக்குத் தெரியாது. மெஷின் நிஜத்தவிட மூணுல ஒரு பங்கு கூட்டிக் காட்டுச்சு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

வக்கீல் முகம் சுருங்கியது. அதிகாரி எழுதிக்கொண்டார். அப்போது பஞ்சவர்ணம் எழுந்தார். சிக்கந்தர்தான் தன் புருஷனைக் கொன்றார் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

"நான் ஒண்ணு கேக்கலாமாய்யா?" என்று அதிகாரியிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, அந்த மெசினு உள்ளது உள்ளபடி காட்டியிருந்தா, அந்த ரோப்பு பாசாகியிருக்குமா?"

"ஆகியிருக்காதும்மா. அன்னைக்கு எழுதுன நம்பர்ல அந்தக் கூடுதலக் கழிச்சா, தூக்கிப் போட வேண்டிய ரோப்பு அது."

"அப்ப அந்தக் கிரேன்காரவுக தூக்கிப் போட்டுருப்பாகளா?"

இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. நான் அளந்தது இயந்திரத்தை, மனிதரை இல்லை. அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "முந்தின தடவ பெயிலானப்ப என்ன செஞ்சாருன்னு நாகஜோதியக் கேளுங்க சார்" என்று அதிகாரியிடம் சொன்னேன். நாகஜோதி வெளியேதான் நின்றிருந்தாள். உள்ளே வந்து, ரோப்பு முழுவதையும் அவர் கழற்றிப் போட்டதை, வேலையை நிறுத்தியதை, எங்கள் அலுவலகத்துக்குத் தான் போன் செய்ததை எல்லாம் சொன்னாள். பஞ்சவர்ணம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கந்தர் குடித்திருந்தார் என்ற பேச்சு விசாரணையில் எடுபடவில்லை. அளவுக்கு மீறி ஏற்றினார் என்பதற்கும் யாரிடமும் ஆதாரம் இல்லை. வெளியே வந்தார். ஆனால் கிரேனை விற்றுவிட்டு மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார். ஊரில் ஒழுங்காகச் சோதித்து வேலை செய்த ஒரே கிரேன்காரரை நாம் இப்படித்தான் அனுப்பி வைத்தோம். அவர் இடத்தில் இப்போது ஓட்டுகிறவர்கள் கண்ணால் பார்த்து, கையால் தடவித்தான் ஓட்டுகிறார்கள். சோதனைக்கூடம் கொஞ்சகாலம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் வேறு பெயர்ப்பலகையோடு திறந்தது. அதே முதலாளி, அதே இயந்திரம். சான்றிதழும் இருக்கிறது. நம் தொழிலில் இருக்கிற யாரோ ஒருத்தர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் அளவு எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வெளிவேலை நிறுத்தப்பட்டது. உள்ளே உட்கார்ந்து, இயந்திரங்களில் ஒட்டுகிற சீட்டை அச்சடிக்கச் சொன்னார்கள். அச்சடித்தேன். நாகஜோதி இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மில்லின் தரப்பிரிவில் இருக்கிறாள். அது ஒன்றுதான் இதில் எனக்கு ஆறுதல்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

விசாரணை முடிந்த அன்று திருச்சுழி பஸ் நிலையத்தில் பஞ்சவர்ணம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பிள்ள போன் பண்ணுச்சாமே. அது உங்க ஆபீசுக்கா?"

"ஆமாம்மா."

"யாரு எடுத்தா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். நிறுவன விவகாரம் என்று நழுவியிருக்கலாம். "எங்கூட வர்றீங்களா?" என்று கேட்டேன். "வாரேன்" என்றார். அருப்புக்கோட்டை போய் மதுரை பஸ் பிடித்தோம்.

மேலாளர் அறைக்கு அனுமதி கேட்காமல் கூட்டிக்கொண்டு போனேன். "சார், இவங்க காளிமுத்துவோட வீட்டுக்காரம்மா" என்றேன். அவர் அவசரமாக எழுந்து நாற்காலி போட்டார், காபி வாங்கிவரச் சொன்னார். நிறுவனத்தின் விதிமுறை, ஒப்பந்தம், கூடத்து முதலாளியின் அனுமதி இல்லாமல் நாங்கள் உள்ளே நுழைய முடியாது என்பதையெல்லாம் விளக்க ஆரம்பித்தார். எல்லாம் நிஜமான விதிமுறைகள்தான். பஞ்சவர்ணம் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நான் சண்டை போட வரலய்யா" என்றார் கடைசியில். "நட்ட ஈடும் கேக்க வரல. அந்தப் பிள்ள போன்ல சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுச்சா, புரியலையா? அத மட்டும் சொல்லுங்க."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு உதவி செய்யவில்லை. அவர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார், பேனாவை எடுத்தார், வைத்தார்.

"புரிஞ்சதும்மா" என்றார்.

பஞ்சவர்ணம் தலையை ஆட்டினார். காபி வந்தது. அதைத் தொடாமல் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.